விண்கல்லுக்குள் சூரியனைவிட மூத்த துகள்கள்: கிருஷ்ணகிரியிலிருந்து தொடங்குவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பக்கம் வானத்திலிருந்து கற்கள் விழுந்தன. கிடைத்த துண்டுகளைச் சேர்த்தால் 100 கிலோவுக்கு மேல். உலக விண்கல் பட்டியலில் அதற்கு ஊர்ப் பெயரே பெயர்: சூளகிரி. வகை, எல்எல்6. இந்தக் கல்லைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேச்செடுத்தாலே ஒரு கேள்வி வந்துவிடும்: "அதுக்குள்ள வைரம் இருக்குமா?"

சூளகிரிக் கல்லில் இருக்காது. ஆனால் வேறு சில விண்கற்களில் இருக்கிறது. அதுவும் சூரியன் பிறப்பதற்கு முன்பே வேறு நட்சத்திரங்களில் உண்டான வைரமும் மற்ற துகள்களும். அவற்றில் இருப்பது சூளகிரிக் கல்லில் இல்லாமல் போனதற்குக் காரணம் அந்த வகைப் பெயரின் கடைசியில் நிற்கும் 6 என்ற எண். வானத்திலிருந்து வந்தது என்பது மட்டும் போதாது. வந்த கல் தன் வாழ்நாளில் எவ்வளவு சூடு பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இயற்பியலோ வேதியியலோ புவியியலோ படிக்கிற பிள்ளைகளும், சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களும் இந்தத் துறைக்குள் எப்படி நுழையலாம் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

எதைத் தேடுகிறோம்

நம் சூரியக் குடும்பத்துக்கு வயது சுமார் 456 கோடி ஆண்டுகள். வாயுவும் தூசும் கலந்த மேகம் ஒன்று சுருங்கித்தான் சூரியனும் கோள்களும் உண்டாயின. அந்தத் தூசில் பெரும்பகுதி சூட்டில் ஆவியாகி, கலந்து, புதிதாகத் திடமானது. அதனால் பூமியிலும் நிலாவிலும் பெரும்பாலான விண்கற்களிலும் தனிமங்களின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கார்பனை எடுத்துக்கொண்டால், ஒரு கார்பன்-13 அணுவுக்கு 89 கார்பன்-12 அணுக்கள். அடுப்புக்கரி, பென்சில் முனை, உங்கள் விரல் நகம், எங்கே அளந்தாலும் இதையொட்டித்தான் வரும்.

விண்கல்லுக்குள் ஒரு துகளை அளக்கும்போது 89 வர வேண்டிய இடத்தில் 50 வந்தால்? அல்லது 5? அல்லது 1000? எந்த வேதிவினையாலும் அவ்வளவு பெரிய மாற்றத்தை உண்டாக்க முடியாது. அணுக்கரு வினை நடக்கும் இடத்திலிருந்து, அதாவது வேறொரு நட்சத்திரத்திலிருந்து, மற்றதோடு கலக்காமல் அந்தத் துகள் நேராக வந்திருக்க வேண்டும். சூரியனுக்கு முந்தைய துகள் என்பதற்கு ஒரே சான்று இதுதான். நிறமோ வடிவமோ பளபளப்போ சான்றாகாது.

முக்கியமான வகைகள்: நானோவைரம், சிலிக்கான் கார்பைடு, கிராஃபைட், கொரண்டம் ஸ்பினெல் போன்ற ஆக்சைடுகள், சிலிக்கேட்டுகள். எல்லோரையும் இழுப்பது வைரம். ஆனால் புதிதாகப் படிப்பவர் சிலிக்கான் கார்பைடில் தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. காரணம் போகப்போகப் புரியும்.

படி 1: கல்லின் வகை எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

விண்கல்லின் பெயரோடு எழுத்தும் எண்ணும் வரும்: சிஎம்2, சிவி3, எச்5, எல்எல்6. எழுத்து, எந்தக் குடும்பம் என்று சொல்கிறது. எண்தான் நமக்கு வேண்டியது. 3 என்பது நடு. 3.0 என்று வந்தால் அந்தக் கல் தாய்க்கோளில், அதாவது அது உடைந்து வந்த சிறுகோளில், சூடும் படவில்லை, தண்ணீரும் படவில்லை என்று பொருள். 2, 1 என்று கீழே போனால் தண்ணீர் பட்டு மாறிய கல். 4, 5, 6 என்று மேலே போனால் சூட்டில் வெந்த கல்.

சூடு எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணு தாராளமாக இருந்தது. அதன் அரைவாழ்வு சுமார் 7 லட்சம் ஆண்டுகள். சிறுகோள் உருவானதும் அது உள்ளுக்குள் சிதைந்து சூடேற்றியது. ஆறாம் வகைக் கற்கள் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகி, அப்படியே நெடுங்காலம் கிடந்தவை. சூளகிரிக் கல் அந்த வகை. சாதாரணக் காண்டிரைட்டுகளில் (எச், எல், எல்எல் குடும்பக் கற்கள்) வகை எண் 3.8ஐ நெருங்கும்போதே நானோவைரமும் சிலிக்கான் கார்பைடும் இல்லாமல் போய்விடுகின்றன. ஆறில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

இதனால் சூளகிரிக் கல்லுக்கு மதிப்புக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜப்பானின் ஹயபுசா விண்கலம் இட்டோகாவா என்ற சிறுகோளிலிருந்து 2010இல் கொண்டுவந்த தூசை ஆராய்ந்தபோது, அது இந்த எல்எல் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. நம் மாவட்டத்து வயல்களில் விழுந்த கல்லுக்கு உறவுக்காரர்கள் எந்தக் கோளில் இருக்கிறார்கள் என்று விண்கலம் அனுப்பிப் பார்த்த மாதிரி ஆயிற்று. அது சொல்லும் கதை வேறு, அவ்வளவுதான்.

துகளுக்காகப் பார்க்க வேண்டிய கற்கள் இவை. 1864இல் பிரான்சில் விழுந்த ஓர்கேய். 1969 பிப்ரவரியில் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன். இந்தத் துறையில் பாதி வேலை மர்ச்சிசனை வைத்தே நடந்திருக்கிறது. 100 கிலோவுக்கு மேல் கிடைத்ததால் ஆய்வுக்குத் தாராளமாகக் கொடுக்க முடிந்தது. இந்தியாவில் 2017 ஜூன் 6 அன்று ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புராவில் விழுந்த கல்லும் மர்ச்சிசன் போலவே சிஎம்2 வகை. சிலிக்கேட் துகள் வேண்டுமென்றால் மட்டும் தண்ணீர் படாத 3.0 கல்லைத் தேட வேண்டும். தண்ணீர் பட்டால் முதலில் அழிவது அதுதான்.

படி 2: கையில் கிடைத்த கல் விண்கல்தானா

நம் பகுதியில் இதற்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். காரணம் இரண்டு. இந்த மண்ணில் இரும்பு உருக்கிய வரலாறு மிகப் பழையது. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. பழைய உலை இருந்த இடங்களில் இரும்புக் கிட்டம் இன்றும் மண்ணில் கிடக்கிறது. அப்புறம், டோலரைட் என்கிற கருங்கல். குவாரிக்காரர்கள் பிளாக் கிரானைட் என்று விற்பது இதைத்தான். இரண்டும் கறுப்பு, கனம். ஆசையோடு எடுத்து வருபவர்களில் பலர் கையில் இருப்பது இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கல்லைக் கையில் எடுத்து முதலில் ஓட்டையைப் பாருங்கள். இரும்புக் கிட்டத்தில் வாயுக் குமிழி வெடித்த சிறு துளைகள் இருக்கும். ஒரு பக்கம் வழிந்து ஓடி உறைந்த மாதிரியும் இருக்கும். விண்கல்லில் அப்படிக் குமிழித் துளை அநேகமாக இருக்காது. அதன் மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய கருந்தோல் போர்த்தியிருக்கும். ஓரம் பெயர்ந்த இடத்தில் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம், அதில் பொடிப்பொடியாக உலோக மினுக்கம். அடுத்து, குளியலறை டைல்ஸின் பின்பக்கத்துச் சொரசொரப்பில் ஒரு கோடு இழுங்கள். செம்பழுப்புக் கோடு விழுந்தால் ஹேமடைட், கறுப்பாக விழுந்தால் மேக்னடைட். காந்தம் ஒட்டுவதை மட்டும் நம்பாதீர்கள்: கிட்டமும் ஒட்டும், மேக்னடைட்டும் ஒட்டும். சூளகிரி போன்ற எல்எல் வகையிலோ உலோகம் குறைவு என்பதால் இழுப்பே மெதுவாகத்தான் இருக்கும்.

இந்தச் சோதனைகளில் தேறினால் கிடைத்த இடம், நாள், நேரத்தைக் குறித்து, படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். இந்தியாவில் விழும் விண்கற்களைக் காத்து வைக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துடையது. அதற்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. விழுந்த உடனே கிடைத்த கல் என்றால் மழை படுவதற்குள் எடுப்பது நல்லது. வெறுங்கையால் தொடாமல், புதிய அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்.

விழுந்ததெல்லாம் விண்கல் என்று முடிவு கட்டவும் கூடாது. 2016 பிப்ரவரியில் பக்கத்து நாட்றம்பள்ளியில் ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நடந்து ஒருவர் உயிரிழந்தார். விண்கல் தாக்கியதாகச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பைப் போலத்தான் இருக்கிறது என்றார்கள்.

படி 3: வெட்டாதீர்கள்

இது சின்ன விஷயம், ஆனால் நம் ஊரில் கட்டாயம் சொல்ல வேண்டியது. கிரானைட் வெட்டும் பட்டறையும் பாலிஷ் பட்டறையும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. "அண்ணா, இதை ரெண்டா வெட்டிக் கொடுங்க" என்று கேட்டால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த வெட்டும் வட்டிலும் வயர் சாவிலும் இருப்பது செயற்கை வைரம். பாலிஷ் கல்லிலும் உப்புத்தாளிலும் இருப்பது பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடு. நாம் தேடும் இரண்டு பொருளையும் நாமே கல்லுக்குள் தேய்த்துவிட்டதாகும். ஐசோடோப்பை அளந்தால் 89 வந்து அது பூமிச் சரக்கு என்று காட்டிக்கொடுக்கும், சரி. ஆனால் ஆயிரம் பூமித் துகளுக்கு நடுவே ஒரு நட்சத்திரத் துகளைத் தேடும் பாட்டை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

படி 4: கரைத்துப் பிரிப்பது எப்படி

இந்தப் படியை வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ செய்யவே கூடாது. இதில் பயன்படுவது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். தோல் வழியாக உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளங்கை அளவு பட்டாலே உயிருக்கு ஆபத்து. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் படியுங்கள்.

1964இல் ரெனாசோ என்ற விண்கல்லைச் சூடாக்கியபோது விசித்திரமான செனான் வாயு வந்தது. செனானின் மிகக் கனமான ஐசோடோப்புகளும் மிக லேசானவைகளும் ஒருசேர, வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. இந்தச் செனானைச் சுமந்து வந்த பொருள் எது? சிகாகோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஆண்டர்ஸும் ராய் லூயிஸும் ஆண்டுக்கணக்கில் இதன் பின்னால் அலைந்தார்கள். வைக்கோல் போரையே கொளுத்திவிட்டுச் சாம்பலில் ஊசியைத் தேடுவது என்று ஆண்டர்ஸ் தங்கள் முறையைச் சொல்வார். கல்லில் கரைவதையெல்லாம் கரைத்துவிடு, செனான் இன்னும் மிச்சத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மாறி மாறி ஊற்ற, கல்லின் சிலிக்கேட்டும் உலோகமும் போய்விடும். மிஞ்சுவது கறுப்புக் கரி. டைகுரோமேட், பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றிகளைப் போட்டால் அந்தக் கரியும் அழியும். இப்போது திரவத்தைக் காரமாக்கினால் தெளிவாக இருக்கும், உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி. அமிலமாக்கினால் வெண்மையாக ஒரு கலங்கல் திரண்டு கீழே இறங்கும். மறுபடியும் அம்மோனியா விட்டால் கலங்கல் மறைந்துவிடும். அந்த வெள்ளைக் கலங்கல்தான் வைரம். காரத்தில் துகள்களின் மேற்பரப்பில் மின்னேற்றம் ஏறி ஒன்றையொன்று தள்ளுவதால் பிரிந்து மிதக்கின்றன; அமிலத்தில் அந்த ஏற்றம் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. 1987இல் இந்தக் கண்டுபிடிப்பு வெளியானது. அதே ஆண்டில் சிலிக்கான் கார்பைடும், 1990இல் கிராஃபைட்டும் பிரித்தெடுக்கப்பட்டன.

சிலிக்கேட்டுக்கு இந்த வழி உதவாது, அமிலத்தில் அதுவே கரைந்துவிடும். 2003இல் விண்வெளித் தூசிலும் அடுத்த ஆண்டு விண்கல்லிலும் அதைக் கண்டது, கரைக்காமல் நேராகப் படமெடுத்துத் தேடியதால்தான்.

படி 5: துகள் துகளாக அளப்பது

இதற்கான கருவி நானோசிம்ஸ். மெருகேற்றிய மாதிரியின் மேல் சீசியம் அயனிக் கற்றையை 50 முதல் 100 நானோமீட்டர் அகலத்துக்குக் குவித்து அடிப்பார்கள். மேற்பரப்பிலிருந்து அணுக்கள் பெயர்ந்து அயனிகளாக வெளியே வரும். நிறை வாரியாகப் பிரித்து எண்ணுவார்கள். கார்பன்-12க்கு ஒரு படம், கார்பன்-13க்கு ஒரு படம் என்று திரையில் விழும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், சமமான பரப்பில் எங்கோ ஒரு புள்ளி மட்டும் வேறு நிறத்தில் நிற்கும். அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் இந்தக் கருவி இருக்கிறது.

வைரத்தை ஏன் முதலில் எடுக்க வேண்டாம் என்றேனோ, அதற்கு விடை இங்கே. ஒரு நானோவைரத்தின் குறுக்களவு 2 முதல் 3 நானோமீட்டர். நான்கு லட்சம் வைரங்களை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் வரும். ஒன்றில் இருப்பது 1500 கார்பன் அணு என்று வைத்துக்கொள்வோம். அதில் கார்பன்-13 எத்தனை? சுமார் 17. ஒன்று விடாமல் எண்ணினாலும் எண்ணிக்கைப் பிழை 17இன் வர்க்கமூலம், அதாவது 4. கிட்டத்தட்ட 25 சதவீதப் பிழை! உண்மையில் கருவி எல்லா அணுவையும் பிடிப்பதும் இல்லை. அதனால் கோடிக்கணக்கான வைரங்களை மொத்தமாக அளக்கிறார்கள். மொத்தமாக அளந்தால் கார்பன் விகிதம் சூரியக் குடும்பத்து மதிப்பை ஒட்டியே வருகிறது. அந்த விசித்திரச் செனானோ பத்து லட்சம் வைரங்களுக்கு ஓர் அணு என்ற கணக்கில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட செனான் சூப்பர்நோவாவில், அதாவது நட்சத்திரம் வெடிக்கும்போது, உண்டாவது; ஆகவே கொஞ்சம் வைரமாவது அங்கிருந்து வந்தது என்று கருதுகிறார்கள். மீதி வைரங்கள் சூரியக் குடும்பத்திலேயே உண்டானவையாக இருக்கலாம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பழமையான விண்கல் ஒரு கிராமில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் வைரம் இருக்கும், மற்ற துகள்களைவிட மிக அதிகம். ஆனாலும் நமக்குக் குறைவாகப் பிடிபடுவது அதுதான்.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். 1886இல் ரஷ்யாவில் விழுந்த நோவோ யூரேய் போன்ற யூரிலைட் விண்கற்களிலும் வைரம் உண்டு. அவை சூரியனுக்கு முந்தையவை அல்ல. "விண்கல்லில் வைரம்" என்று செய்தி வந்தால் எந்த வைரம் என்று முதலில் கேளுங்கள்.

படி 6: எண்ணைப் படிப்பது

சிலிக்கான் கார்பைடு துகள் ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு வளர்ந்திருக்கும். சில 20 மைக்ரோமீட்டர்கூட. தனித்தனியாகக் கார்பன், நைட்ரஜன், சிலிக்கான் மூன்றையும் அளக்கலாம். சிலிக்கானில் டெல்டா என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள்: துகளின் விகிதத்தைப் பூமியின் விகிதத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, ஆயிரத்தால் பெருக்க வேண்டும். பயிற்சிக்கு ஓர் எண் வைத்துப் பார்ப்போம். பூமியில் சிலிக்கான்-29க்கும் 28க்கும் உள்ள விகிதம் 0.0508. துகளில் 0.0525 வந்தால் டெல்டா +33. இன்னொரு துகளில் 0.0356 வந்தால் -299.

முதல் துகள் பெரும்பான்மை வகையாக இருக்கலாம். 90 சதவீதத்துக்கு மேல் இப்படித்தான். கார்பன் விகிதம் பெரும்பாலும் 40க்கும் 80க்கும் நடுவே. சூரியனைப் போல ஒன்றரை முதல் மூன்று மடங்கு நிறையுள்ள நட்சத்திரங்கள் வயதாகிச் சிவந்து ஊதி, உள்ளே உண்டான கார்பனை மேலே கொண்டுவந்து வெளியே ஊதித் தள்ளும்போது உண்டானவை. 1952இல் வானியலாளர் பால் மெரில் இப்படிப்பட்ட சிவப்பு நட்சத்திரங்களின் ஒளியில் டெக்னீஷியத்தைக் கண்டார். அந்தத் தனிமத்துக்கு நிலையான ஐசோடோப்பே கிடையாது. எனவே அது நட்சத்திரத்துக்குள் அண்மையில் உண்டாகியிருக்க வேண்டும். டெக்னீஷியம்-99 சிதைந்தால் ருத்தீனியம்-99. அந்த ருத்தீனியம் இந்தத் துகள்களில் கூடுதலாக இருப்பது 2004இல் அளக்கப்பட்டது. தொலைநோக்கியில் கண்டதும் கையிலுள்ள தூசில் கண்டதும் ஒன்றாகப் பொருந்திய இடம் இது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவும் இதுதான்.

இரண்டாவது துகள் எக்ஸ் வகை, நூற்றுக்கு ஒன்றிரண்டு. சிலிக்கான்-28 மிகுந்தது, சூப்பர்நோவாவின் பிள்ளை. இவற்றில் சிலவற்றில் கால்சியம்-44 கூடுதலாக இருக்கிறது. அது டைட்டேனியம்-44 சிதைந்து வந்தது. அதன் அரைவாழ்வு சுமார் 60 ஆண்டுகள்தான். நட்சத்திரம் வெடித்துச் சில பத்தாண்டுகளுக்குள், அந்த டைட்டேனியம் தீர்ந்துபோகும் முன்பே, துகள் திடமாகிவிட்டது என்று தெரிகிறது.

வயதுக்கு இன்னொரு கணக்கு. துகள் விண்வெளியில் மிதக்கும்போது காஸ்மிக் கதிர் பட்டு நியான்-21 சேரும். எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அவ்வளவு காலம் வெளியில் இருந்திருக்கிறது. பிலிப் ஹெக் குழுவினர் மர்ச்சிசனின் 40 பெரிய துகள்களை இப்படி அளந்து 2020இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை சூரியனைவிட 30 கோடி ஆண்டுக்குள் மூத்தவை. மிகப் பழையது சுமார் 300 கோடி ஆண்டு மூத்தது. ஆக அதற்கு இன்று ஏறக்குறைய 750 கோடி வயது. மனிதர் கையில் எடுத்து அளந்த திடப்பொருளில் இதைவிடப் பழையது இல்லை.

படி 7: இங்கிருந்தே செய்யக்கூடியது

அமிலமும் வேண்டாம், நானோசிம்ஸும் வேண்டாம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் உலகம் முழுவதும் அளந்த துகள்களின் எண்களைத் தொகுத்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். சிலிக்கான் கார்பைடு பட்டியலில் மட்டும் ஆயிரக்கணக்கான வரிசைகள். எக்ஸெல் தெரிந்தால் போதும். கிடைமட்டத்தில் கார்பன்-12/13, செங்குத்தில் நைட்ரஜன்-14/15 என்று வையுங்கள். இரண்டு அச்சும் மடக்கை அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் புள்ளியும் மூலையில் குவிந்து ஒன்றும் தெரியாது. சூரியக் குடும்பத்து மதிப்புக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பான்மை வகை ஒரு கூட்டமாக நிற்கும். எக்ஸ் வகை கீழே, நைட்ரஜன்-15 மிகுந்த பக்கம் இறங்கும். கார்பன் விகிதம் 10க்குக் கீழே உள்ள இடது ஓரத்தில் ஏபி என்றொரு கூட்டம் ஒதுங்கும். அடுத்து சிலிக்கானின் இரண்டு டெல்டாக்களையும் எதிரெதிரே போடுங்கள்: சிலிக்கான்-30/28 கிடைமட்டத்தில், 29/28 செங்குத்தில். பெரும்பான்மைத் துகள்கள் 1.4ஐ ஒட்டிய சாய்வில் ஒரு கோட்டில் விழும். அந்தச் சாய்வை நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள், நல்ல பிராஜெக்ட் அது. பிழை அளவு பெரிதாக உள்ள வரிசைகளை நீக்கிவிட்டும் நீக்காமலும் இரண்டு முறை செய்து, விடை எவ்வளவு மாறுகிறது என்று எழுதி வையுங்கள்.

நட்சத்திரத்தையும் பார்க்க வேண்டுமா? டிசம்பர் முதல் மார்ச் வரை, பென்னாகரம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் விளக்கு குறைந்த இடத்தில் பைனாகுலரோடு நில்லுங்கள். ஓரியன் கூட்டத்தின் காலடியில் முயல் கூட்டம். அதில் ஆர் லெபோரிஸ், கார்பன் நிறைந்த ஒரு முதிய நட்சத்திரம். சுமார் 14 மாதத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். மங்கியிருக்கும் மாதங்களில் அகப்படாது. அகப்பட்டால், மற்ற நட்சத்திரங்களில் அரிதாகவே காணும் ஆழ்ந்த சிவப்பு. கார்பன் மூலக்கூறுகள் நீல ஒளியை விழுங்கிவிடுவதால் வரும் நிறம் அது. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகமும் ஊத்தங்கரைக்காரர்களுக்குத் தூரமில்லை; நாளும் நேரமும் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

இதிலேயே மேலே படிக்க நினைப்பவர்கள் இளங்கலையில் இயற்பியல், வேதியியல், புவியியல் எதை எடுத்தாலும் வழி அடைபடாது. முதுகலை முடிப்பதற்குள் புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதுவதும் பழகிக்கொள்ளுங்கள். அகமதாபாத் ஆராய்ச்சிக் கூடம் முனைவர் பட்டத்துக்கு ஆளெடுக்கும்போது ஜெஸ்ட், கேட், நெட் போன்ற தேசியத் தேர்வு மதிப்பெண் கேட்கும். நேர்காணலுக்குப் போகும் முன் ஏபி வகைத் துகள்கள் எந்த நட்சத்திரத்திலிருந்து வந்தன என்று படித்துவிட்டுப் போங்கள். அதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட விடை இன்னும் கிடையாது.